நாளுக்கு ஐம்பது நொடி

1974 ஜூன் 3 – 85
1981 ஜனவரி 19 – 130
1990 செப்டம்பர் 8 – 225
1999 ஏப்ரல் 26 – 390
2008 நவம்பர் 10 – 675
2016 டிசம்பர் 5 – 2,950

மேலே இருப்பவை ஒரே வகைக் கைக்கடிகாரத்தின் விலைகள், ரூபாயில். ஆறு முறையும் வாங்கியவன் நான், ரசீதுகள் இருக்கின்றன. முதல் ஐந்தும் என் கைக்கும் வீட்டில் மற்றவர்கள் கைக்கும் போயின. ஆறாவதை ஒருநாள்கூட யாரும் கட்டவில்லை.

அந்தக் கம்பெனி செய்த கடிகாரங்களிலேயே மலிவானது அது. உள்ளே சக்கரங்கள் தேயாமல் சுழல வைத்த பதினேழு கல். அதனால் ஜனங்கள் அதற்கு வைத்த பெயரும் பதினேழு. பெரிய எழுத்து, தடித்த முட்கள், காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரை ஓடும். கண்ணாடி உடைந்தால் மூலைக்கடைக்காரன் பத்து நிமிடத்தில் மாற்றித் தருவான். எந்த வாரும் பொருந்தும். லாரி ஓட்டுபவர் கையிலும் அது இருக்கும், ஆஸ்பத்திரி நர்ஸ் கையிலும் இருக்கும். முதல் சம்பளத்தில் வாங்குவதும் அதைத்தான், வேலையிலிருந்து ஓய்வு பெறும்போது கழற்றி வைப்பதும் அதைத்தான்.

நான் எழுத வந்தது என் மைத்துனனைப் பற்றி. என் மனைவியின் தம்பி. என்னைவிட நான்கு வயது இளையவன். தொழிற்சாலையில் அவனை எல்லோரும் ‘நொடி’ என்றே கூப்பிட்டார்கள். யாராவது ‘மணி எட்டரை’ என்றால், ‘எட்டு இருபத்தொன்பது, நாற்பது நொடி’ என்று திருத்துவான். அதனால் வந்த பெயர். நேரச் சோதனைக் கூடத்தில் 1969 முதல் வேலை. 1978 முதல் அந்தக் கூடத்துக்குத் தலைமைப் பரிசோதகன். அதே கம்பெனியில் நான் புகார்ப் பதிவேட்டு எழுத்தர், முப்பத்தொரு வருடம்.

என் மேசை எப்படியிருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பழுதான கடிகாரங்கள் தபாலில் வரும். உறையைக் கிழித்ததும் வியர்வை ஊறிய வாரின் புளித்த நாற்றம் மூக்கில் ஏறும். பின்மூடியைச் சுற்றி மனித அழுக்கு கறுத்த பசை மாதிரி ஒட்டியிருக்கும். அதைக் குச்சியால் சுரண்டினால்தான் எண் தெரியும். எண்ணைப் பதிந்து, குறையைப் பதிந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் அடுத்த உறையைத் தொடுவேன். அந்த அழுக்கு எனக்குப் பழகிவிட்டது. இனிமேல் சொல்லப்போவது பழகவேயில்லை.

சோதனைக் கூடத்தில் பதினான்கு பேர். ஒரு தட்டில் இருபத்துநான்கு கடிகாரம், ஒரு சுற்றில் பன்னிரண்டு தட்டு, ஆக 288. சாவி கொடுத்து, கூடத்தின் சுவர்க் கடிகாரத்தோடு ஒத்து வைத்து, மறுநாள் அதே நேரத்தில் பார்ப்பார்கள். இருபது நொடிக்கு மேல் முன்னாலோ பின்னாலோ போனால் பின்மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் வேக முள்ளை மயிரளவு நகர்த்துவார்கள். வாரத்துக்கு ஐந்து சுற்று. சனிக்கிழமை புதிதாக எதையும் வைப்பதில்லை.

வெளியாட்கள் நம்பாத ஒரு விதி அங்கே உண்டு. உள்ளே வேலை செய்பவர் யாரும் கையில் கடிகாரம் கட்டக் கூடாது. வாசலில் கழற்றிக் கொடுத்து, அதற்கு அடையாள வில்லை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். திருட்டுக்குப் பயந்து போட்ட விதி. ஆகவே, ஆயிரக்கணக்கான கடிகாரம் ஓடும் கட்டடத்தில் மணி பார்க்க அந்தந்தக் கூடத்தின் சுவர்தான் கதி.

சோதனைக் கூடத்துச் சுவரில் இருந்தது ஓர் ஊசல் கடிகாரம். வாரத்துக்கு இரண்டு நொடிக்கு மேல் அது பிசகியதில்லை. திங்கள் காலை ஏழு ஐம்பத்தைந்துக்கு நொடி அலுவலக வானொலியின் மணியொலியைக் கேட்டுவிட்டு வந்து அதைச் சரிபார்த்து, ‘நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவான். அவன் சேர்ந்ததிலிருந்து பதினான்கு வருடமும் திங்கள் மட்டும்தான். அதற்குமேல் பார்க்கத் தேவையில்லாத கடிகாரம் அது.

1983 பிப்ரவரி 5, சனிக்கிழமை, மேலாளர் அதைக் கழற்றச் சொன்னார். திங்கட்கிழமை பெரிய வியாபாரிகள் வருகிறார்கள், பழைய மரப்பெட்டி தொங்கினால் அசிங்கமாம். வார் சப்ளை செய்பவர் அன்பளிப்பாகக் கொடுத்த பளபளப்பான மின்சாரக் கடிகாரத்தை மாட்டினார்கள். பழையது எங்கே போனது என்றால், மேலாளர் வீட்டு முன்னறைக்கு. நானே ஒருமுறை கையெழுத்து வாங்கப் போனபோது அங்கே பார்த்தேன்.

அந்த மேலாளருக்கு ஒரு பழக்கம். பேசிக்கொண்டே பேனா மூடியால் காதைக் குடைவார். வந்ததை உற்றுப் பார்ப்பார். பிறகு மூடியைப் பேனாவின் பின்னால் மாட்டிக் கையெழுத்துப் போடுவார். அந்தப் பேனாவை வாங்கி நானும் எழுத வேண்டியிருந்திருக்கிறது.

“சார், இது ஒரு நாளைக்கு எத்தனை நொடி தப்பும்?” என்று நொடி கேட்டிருக்கிறான்.

“செவத்துல தொங்குறது எல்லாம் கடிகாரம்தான்யா. உனக்கு மட்டும் என்ன தனியா சூரியனா கொண்டாந்து மாட்ட முடியும்?”

அது மின்சாரத்தின் துடிப்பை எண்ணி ஓடுகிற வகை. அது மின்தட்டுப்பாட்டுக் காலம். துடிப்பு தளர்ந்தால் கடிகாரமும் தளரும். நாளுக்கு ஐம்பது நொடி பின்தங்கியது. இது நொடிக்குத் தெரியாது. பிப்ரவரி 7, திங்கள் காலை, வானொலியோடு ஒத்து வைத்துவிட்டு வழக்கம்போல் வேலையைத் தொடங்கினான்.

சுவர்க் கடிகாரம் மெதுவாக ஓடினால் நல்ல கைக்கடிகாரம் வேகமாக ஓடுவதுபோல் தெரியும். செவ்வாயன்று பன்னிரண்டு தட்டும் வேகம். ஏறத்தாழ எல்லாமே ஐம்பது நொடி வேகம். கடிகாரத்தின் பாகங்களைப் பூட்டும் கூடத்துக் கண்காணிப்பாளரிடம் போய்க் கேட்டான்.

“எங்க பசங்க சுறுசுறுப்பு, அதான் வாட்சும் சுறுசுறுப்பா வருது. உங்க ஆளுங்களைக் கொஞ்சம் மந்தப்படுத்தச் சொல்லு, அதுலதான் அவங்க கெட்டிக்காரங்க.”

உள்ளே வேகத்தை ஆளும் மயிரிழைச் சுருள் புதுச் சரக்கு, அதனால்தான் வேகம் என்று முடிவு கட்டினான். பதினான்கு பேரும் உட்கார்ந்து, சரியாக ஓடிய கடிகாரங்களைத் திறந்து ஒவ்வொன்றாகக் கெடுத்தார்கள்.

சனிக்கிழமை ஐந்து மணிச் சங்கு ஊதியபோது கூடத்துச் சுவரில் நான்கு ஐம்பத்தைந்தரை. “சங்கு ஊதுறவனுக்கு வீட்ல ஏதோ விசேஷம்போல” என்று சிரித்துக்கொண்டே எல்லோரும் எழுந்து போனார்கள். நொடியும் சங்கைத்தான் சந்தேகப்பட்டான். திங்கள் காலை வந்து பார்த்தால் சுவர்க் கடிகாரம் நான்கே நொடி வேகம். ‘நன்று’ என்று எழுதினான். அடுத்த திங்கள் இரண்டு நொடி பின்னால். ‘நன்று.’

பிப்ரவரி 28, திங்கட்கிழமை, வாசலில் வில்லை வாங்கும்போது காவலாளி அவனைக் கூப்பிட்டிருக்கிறார். அறுபது வயதுக்காரர். அவரும் பதினேழு கட்டியவர். வாசலில் இருப்பவருக்கு அனுமதி உண்டு.

“தம்பி, உங்க ரூம்ல மாட்டியிருக்கே புதுசு, அதைத் தூக்கிப் போடுங்க. ஞாயித்துக்கிழமை ஜன்னல் சாத்தப் போறப்பல்லாம் அஞ்சு நிமிஷம் பின்னாடி நிக்குது. நான்தான் நம்ம வாட்சைப் பாத்து, அரை நிமிஷம் கூட்டியே தள்ளி வைக்கிறேன்.”

“எத்தனை வாட்டி?”

“மூணு ஞாயிறும்தான். ஏன், கை படக் கூடாதா?”

நொடி அங்கேயே காவலாளியின் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். கம்பெனி செய்த மலிவுக் கடிகாரம் ஒன்று, ஒரு காவலாளியின் கையிலிருந்து, சோதனைக் கூடத்தின் பொய்யை மூன்று ஞாயிறு திருத்தியிருக்கிறது. திருத்தியதால்தான் திங்கட்கிழமைகளில் பொய் தெரியவில்லை. மூன்று வாரம், பதினைந்து சுற்று, 4,320 கடிகாரம்.

அன்று பத்து மணிக்கே அவன் மேலாளருக்கு எழுதிக் கொடுத்தான். திங்கள் மட்டும் சரிபார்த்தது தன் தவறு என்பதை முதல் வரியிலேயே எழுதினான். 3,170 கடிகாரம் கடைகளுக்குப் போய்விட்டன; 1,150 இன்னும் கிடங்கில் இருக்கின்றன, அவற்றை நிறுத்துங்கள், போனவற்றுக்கு அறிவிப்புக் கொடுத்துத் திருப்பி வாங்குங்கள் என்பது மிச்சம். அவன் என்னையும் கூட்டிக்கொண்டு போனான். அதனால் அடுத்து நடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

மேலாளர் காகிதத்தைப் படித்தார், காதைக் குடைந்தார்.

“ஒரு நாளைக்கு அம்பது நொடி. இதை எவன்யா கண்டுபிடிப்பான்?”

“கண்டுபிடிப்பாங்க சார். வாரத்துக்கு ஆறு நிமிஷம் ஆகுது.”

“வாரத்துக்கு ஆறு நிமிஷம் லேட்டாப் போறவன் நம்ம ஊர்ல யோக்கியன்யா.” சிரித்தார். பிறகு என்னிடம் திரும்பி, “புகார் வந்தா எழுதி வைங்க. பாத்துக்கலாம்” என்றார்.

அன்று மாலை நான்கு மணிக்கு 1,150 கடிகாரமும் லாரியில் ஏறின. அனுப்புச் சீட்டின் எண் 8816. நகல் என் மேசை வழியாகத்தான் போனது. எண்ணை என் சொந்த நோட்டில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

உத்தரவாதக் காலம் ஒரு வருடம். அந்த ஒரு வருடமும் நொடி தினமும் மதியம் என் மேசைக்கு வந்து நிற்பான்.

“அத்தான், வந்துச்சா?”

“வந்துச்சு மாப்ளே. வார் நிறம் வெளுத்துப்போச்சாம்.”

“மெதுவா ஓடுதுன்னு?”

“இல்ல.”

1984 பிப்ரவரி 29 அன்று கணக்கை முடித்தேன். 4,320 கடிகாரத்தில் புகார் 23. ஒழுங்காகச் சோதித்து அனுப்பிய அதே அளவுச் சரக்குக்கு வழக்கமாக வருவது 21. இருபத்துமூன்றில் மெதுவாக ஓடுகிறது என்று எழுதியவர்கள் இரண்டே பேர். அதிலும் ஒருவர் அடுத்த வாரமே, பரவாயில்லை, அவசரப்பட்டு எழுதிவிட்டேன், கடிகாரத்தைத் திருப்பி அனுப்புங்கள், கை வெறிச்சென்று இருக்கிறது என்று எழுதினார்.

ஜனங்கள் காலையில் சாவி கொடுக்கும்போதே முள்ளை ஒரு நிமிடம் தள்ளி வைத்துக்கொண்டார்கள். அவ்வளவுதான். திட்டவில்லை, கேட்கவில்லை. தங்கள் கடிகாரத்தின் குணம் அப்படி என்று எடுத்துக்கொண்டார்கள். மலிவான பொருள்மேல் ஏழைக்கு வருகிற பாசம் எவ்வளவு பெரியது என்று அன்று தெரிந்தது. அதைப் பார்த்து இன்னொருவனுக்கு என்ன தோன்றும் என்பதும் அடுத்த மாதமே தெரிந்தது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு எண்ணைக் கேட்டார். இருபத்துமூன்று என்றேன். வேறு எதுவும் கேட்கவில்லை. நானும் 8816ஆம் எண் சீட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது எழுத்தரின் ஒழுக்கம் என்று அப்போது என்னைத் தேற்றிக்கொண்டேன். அந்த ஒழுக்கத்தை இன்று நினைத்தால் வாயில் பித்தநீர் ஊறுகிறது.

“பாத்தீங்களா? தங்கமான ஜனங்க. நாமதான் தேவையில்லாம பதினாலு பேருக்குச் சம்பளம் குடுத்துக்கிட்டு இருக்கோம்” என்றார் அவர்.

1984 ஏப்ரல் 2, திங்கட்கிழமை, நேரச் சோதனைக் கூடம் மூடப்பட்டது. நான் கணக்கிட்டுக் கொடுத்த எண்தான் உத்தரவின் இரண்டாம் பத்தியில் காரணமாக இருந்தது. அதற்குப் பிறகு வந்த எந்தப் பதினேழையும் யாரும் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்ததில்லை. நொடியின் பணிக் கோப்பில் ஒரு வரி ஏறியது: ‘கவனக்குறைவால் 4,320 கடிகாரங்களைத் தவறாக அனுப்பினார்.’ அவனை அட்டைப்பெட்டிப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை இருபத்தொரு வருடம் கடிகாரத்தைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். பதவி உயர்வு ஒவ்வொரு முறையும் அந்த வரியில் போய் முட்டி நின்றது.

என் மனைவிக்குத் தம்பிமேல் பாசமும் எரிச்சலும் சம அளவு.

“ஒரு வரியை அழிக்கணும்னு ஊரெல்லாம் காலைப் பிடிச்சிருந்தா இந்நேரம் அழிச்சிருப்பாங்க. இவன் என்னமோ இன்னொரு வரி சேக்கணும்னு நிக்கிறான்.”

“அழிக்க வேணாம்க்கா. என் தப்பு எழுதினது சரி. தெரிஞ்சே ஆயிரத்து நூத்தி அம்பதை லாரியில ஏத்தினது யாருன்னு அதுக்குக் கீழயே எழுதணும். ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கணும்.”

“எழுதி? அந்தப் பக்கத்தை வறுத்துத் திம்பியா?”

இதுதான் அவன் கேட்டது. ஓய்வு பெற்ற பிறகு நான்கு கடிதம் எழுதினான். பதில் இல்லை. இடையில் வேறொரு வேலையையும் அவனாகத் தலையில் போட்டுக்கொண்டான். பேருந்து நிறுத்தம், வங்கி வரிசை, கல்யாண வீடு, எங்கே பதினேழைக் கண்டாலும் கிட்டே போய், பின்மூடி எண்ணைப் பார்க்கலாமா என்று கேட்பான். அந்த 4,320இல் ஒன்றாக இருந்தால் அங்கேயே பின்மூடியைத் திறந்து வேக முள்ளை நகர்த்திச் சரிசெய்து கொடுப்பான். பணம் வாங்க மாட்டான். இரண்டு தடவை திருடன் என்று பிடித்தார்கள். அவன் பட்டியல் என்னிடம் இருக்கிறது. முப்பது வருடத்தில் சரிசெய்தவை 61.

சரிசெய்ய விடாதவர்களும் உண்டு. 1994இல் எங்கள் தெரு முடிவெட்டுக் கடைக்காரர் கையில் ஒன்று அகப்பட்டது. நொடி நாற்காலியில் பாதி முடியோடு உட்கார்ந்திருந்தான், நான் பெஞ்சில். எண்ணைப் பார்த்ததும் போர்த்திய துணிக்குள்ளிருந்து கையை நீட்டினான்.

“கழட்டுங்க. ரெண்டு நிமிஷம். இனிமே ஜென்மத்துக்கும் தப்பாது.”

“எதுக்குங்க?”

“தினம் அம்பது நொடி மெதுவா ஓடுதுல்ல?”

“ஆமா, ஓடுது. காலையில கடை தொறந்ததும் ஒரு நிமிஷம் தள்ளிவிடுவேன். பதினோரு வருஷமா அப்படித்தான்.”

“அது என் தப்புங்க. நான்தான் கெடுத்தேன்.”

கடைக்காரர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். பிறகு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். “நீங்க கெடுத்ததை நான் பழகிட்டேன். திடீர்னு சரியா ஓட ஆரம்பிச்சா நான்தான் தடுமாறுவேன். தலையைக் குனிங்க, காது போயிடும்.”

வெளியே வந்ததும் நொடி தெருவோரம் காறித் துப்பினான். அவன் அப்படிச் செய்து நான் பார்த்தது அது ஒருமுறைதான். “இந்த நல்ல மனசை வித்துத்தான் அத்தான் அவனுங்க சாப்பிடுறானுங்க” என்றான்.

2016இல் கம்பெனிக்கு ஏதோ ஆண்டு நிறைவு. பழைய வாடிக்கையாளர்கள் தங்கள் பதினேழு அனுபவத்தை எழுதி அனுப்பலாம், பரிசு உண்டு என்று விளம்பரம் வந்தது. முடிவெட்டுக் கடைக்காரர் தன் கதையை எழுதிப் போட்டிருக்கிறார். தெருத்தெருவாக மன்னிப்புக் கேட்டுத் திரியும் ஒரு பரிசோதகர், கையைக் கொடுக்காத ஒரு வாடிக்கையாளர். முதல் பரிசு. அதிலிருந்து பிறந்தது புதுப் பதினேழு. அது கணினி திருத்திய கடிகாரம், ஒரு நொடி பிசகாது. ஆனால் பெட்டிமேல் அச்சடித்திருந்த வாசகம்: ‘உங்களுக்காக ஒரு நிமிடம் காத்திருக்கும்.’ விலை 2,950. வாசகத்துக்குச் சாட்சியாக இருக்கட்டும் என்று ஒன்று வாங்கினேன். எங்கள் குற்றத்தைத் தேன் தடவி, பட்டுத் துணியில் சுற்றி, எங்களுக்கே விற்றார்கள். கடையில் வரிசை தெருவரைக்கும் நின்றது. நானும் அதில் நின்றேன்.

அடுத்த வாரம் விளம்பரப் பிரிவிலிருந்து ஒரு பெண் நொடியின் வீட்டுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், மரியாதையானவள். கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒரே ஒரு படம் வேண்டும், நல்ல தொகை தருவோம் என்றாள். நொடிக்கு அப்போது அறுபத்தொன்பது.

“தொகை வேணாம்மா. என் கோப்புல ஒரு வரி சேக்கணும். சேத்துட்டு, கையெழுத்துப் போட்ட நகல் ஒண்ணு குடுத்துட்டா எத்தனை படம் வேணா எடுத்துக்கோ.”

“எந்தக் கோப்பு சார்?”

அவன் சொல்லச் சொல்ல அவள் கைபேசியில் தட்டிக்கொண்டாள். முதல் வரி, என் தவறு. இரண்டாம் வரி, தவறு தெரிந்த பிறகும் 1,150 கடிகாரத்தை அனுப்பியது மேலாளரின் முடிவு, அனுப்புச் சீட்டு எண் 8816. எண்ணை என் நோட்டிலிருந்து நான்தான் படித்தேன். முப்பத்துமூன்று வருடம் கழித்து அன்றுதான் அதை நான் வாய்விட்டுச் சொன்னேன்.

அவள் முகம் வாடியது. “சார், 2009க்கு முந்தின கோப்பெல்லாம் அரைச்சுட்டாங்களே. அட்டை கம்பெனிக்கு எடைக்குப் போட்டாச்சு.”

நொடி குனிந்து அவள் கைபேசியில் இருந்த இரண்டு வரியைப் பார்த்தான். “என் தப்பையுமா?” என்று கேட்டான்.

“எல்லாத்தையும் சார்.”

“அப்ப புதுசா ஒரு தாள்ல எழுதிக் குடுக்கச் சொல்லும்மா. அதே ரெண்டு வரி.”

“மேல கேட்டுச் சொல்றேன் சார்.” அவள் உண்மையாகவே கேட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பதிலே வந்திருக்காது. ஆனால் விளம்பரம் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஜனவரியில் சுவரெங்கும் ஒட்டிவிட்டார்கள். நரைத்த தலைக் கூலி நடிகன் ஒருவன், பூதக்கண்ணாடியைத் தவறான கண்ணில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறான். கீழே, ‘அவருடைய ஒரு சிறு பிழை, நம் எல்லோருடைய அன்பு.’ எங்கள் தெரு முனையிலும் ஒன்று ஒட்டினார்கள். நொடி பால் வாங்கச் சுற்றுவழியில் போக ஆரம்பித்தான்.

கடைசியில் கம்பெனியின் சட்டப் பிரிவிலிருந்து பதிவுத் தபால் வந்தது. அவன் பிரிக்காமல் எங்கள் வீட்டுக்கு எடுத்து வந்தான். என்னைப் படிக்கச் சொன்னான், நான் படித்தேன்.

‘தாங்கள் குறிப்பிடும் காலத்தில் எங்கள் தொழிற்சாலையில் நேரச் சோதனைக் கூடம் என்ற பிரிவு இயங்கியதற்கான பதிவு எதுவும் எங்களிடம் இல்லை. ஆகவே தங்கள்மீதோ நிறுவனத்தின்மீதோ எந்தக் குறையும் இருப்பதாக நிறுவனம் கருதவில்லை. இப்பொருள் குறித்து இதுவே எங்கள் இறுதிக் கடிதம்.’

என் மனைவி சமையலறை வாசலிலிருந்து, “அதான் குறை இல்லைன்னு எழுதிட்டாங்களேடா, போதும் விடு” என்றாள்.

“குறை இல்லைக்கா. கூடமே இல்லையாம். பதினாலு பேரும் இல்லை. நான் பண்ணின தப்பும் இல்லை.” கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிப் பார்த்தான், பின்னால் ஏதாவது எழுதியிருக்கிறதா என்பதுபோல. பிறகு என்னிடமே நீட்டினான். “நீங்க எழுதுங்க அத்தான். ரெண்டு வரியையும் எழுதுங்க. தேதி போட்டு எழுதுங்க.”

எழுதிவிட்டேன். 1983 பிப்ரவரி 7 முதல் 26 வரை, சுவர்க் கடிகாரத்தைத் திங்கள் மட்டும் சரிபார்த்தது தலைமைப் பரிசோதகரின் தவறு. பிப்ரவரி 28 மாலை நான்கு மணிக்கு, தவறு தெரிந்த பிறகும், 1,150 கடிகாரங்களை அனுப்பியது மேலாளர். மூன்றாவதாக ஒரு வரியை அவன் கேட்காமலே சேர்த்தேன்: அது தெரிந்தும் 1984இல் சொல்லாதிருந்தவர் புகார்ப் பதிவேட்டு எழுத்தர்.

கடிதம் வந்த நாள், 2017 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.